கொடைக்கானலில் மேகம் இறங்கிவிட்டதா? போனை எடுங்கள்: மூடுபனி நாளுக்கான முழுமையான இணைய வழிகாட்டி

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் முதலில் திறக்கும் இணையதளம் இ-பாஸ் தளம்தான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் எங்கள் ஊருக்கும் அது வந்துவிட்டது. அதில் வேடிக்கை ஒன்றும் கிடையாது. வண்டி எண்ணைப் போட்டோமா, பாஸை வாங்கினோமா என்று போய்விடலாம். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். மேலே ஏறி வந்தாயிற்று, அறை போட்டாயிற்று, ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர். அப்போது என்ன செய்வது?

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். இந்த மலைக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வருகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு பகல் முழுக்க அறையில் மாட்டிக்கொள்வார்கள். "என்னண்ணே, மதுரையிலேருந்து வாந்தி எடுத்துக்கிட்டே ஏறி வந்தோம், எதுக்க நிக்கிற மரமே தெரியலையே" என்று ஒரு அக்கா என்னிடமே கோபித்துக்கொண்டார், மேகத்தை நான்தான் அவிழ்த்துவிட்டதுபோல. அன்றைக்கு அவர் பிள்ளைகளுக்காக லேப்டாப்பில் இரண்டு மூன்று தளங்களைத் திறந்து காட்டியதில் தொடங்கியது இந்தப் பட்டியல்.

வேடிக்கையான தளங்கள் இணையத்தில் ஆயிரம் இருக்கின்றன. நான் வைத்திருக்கும் சல்லடை ஒன்றுதான்: அந்தக் கருவி இந்த மலையைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும். மற்றதை எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போயும் ஆடிக்கொள்ளலாம்.

ஏறும் முன்பே செய்ய வேண்டியது

வத்தலக்குண்டில் டீ குடிக்க நிற்கும்போதே பெரிய பதிவிறக்கங்களை முடித்துவிடுங்கள். மேலே காற்றோடு மழை பிடித்தால் கரன்ட் போகும். கரன்ட் போன கொஞ்ச நேரத்தில் டவரும் சோர்ந்துவிடும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகிறவர்கள் சிக்னலை நம்பவே வேண்டாம். மெர்லின் என்ற பறவைச் செயலியையும் அதில் இந்தியாவுக்கான பறவைத் தொகுப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு பெரியது, அறை வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் பலர் இரவு பதினொரு மணிக்கும் அது சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூகுள் மேப்பில் கொடைக்கானல் வட்டாரத்தையும் ஆஃப்லைனில் சேமித்துவிடுங்கள். முன்தயாரிப்பு அவ்வளவுதான்.

படி 1: இது நிற்கிற மேகமா, போகிற மேகமா?

நாம் மூடுபனி என்று சொல்வது இங்கே பெரும்பாலும் பனி அல்ல, மேகமேதான். கீழே இருந்து பார்க்கிறவனுக்கு மலை உச்சியில் மேகம்; உச்சியில் இருப்பவன் அதற்குள் நிற்கிறான். ஆகவே மேலிருந்து பார்த்தால்தான் கதை புரியும்.

ஜூம் எர்த் தளத்தைத் திறந்து கொடைக்கானலைத் தேடுங்கள். ஜப்பானின் ஹிமாவரி, ஐரோப்பாவின் மீட்டியோசாட் போன்ற செயற்கைக்கோள்கள் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் சற்றுத் தாமதமாக வந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள நேரப்பட்டையை மூன்று மணி நேரம் பின்னால் இழுத்து, ஓடவிட்டுப் பாருங்கள். பெரியகுளமும் வத்தலக்குண்டும் தெளிவாகத் தெரிந்து, மலைமேல் மட்டும் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் அது உள்ளூர் மேகம். காத்திருக்கலாம், வெயில் ஏறினால் கிழிய வாய்ப்பு உண்டு. வங்கக் கடலிலிருந்தே பாய் விரித்ததுபோல வெள்ளை வருகிறதென்றால் இன்றைய பொழுது போயிற்று, அடுத்த படிக்குப் போங்கள்.

இரவில் இந்தத் தளம் அகச்சிவப்புப் படத்தைக் காட்டும். அது வெப்பத்தை வைத்து வரைவது. தாழ்ந்த மேகத்தின் வெப்பமும் தரையின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், நீங்கள் மேகத்துக்குள்ளேயே நின்றாலும் படத்தில் வானம் சுத்தமாகத் தெரியலாம். இதை நம்பி விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிச் சூரிய உதயம் பார்க்கப் போய் நனைந்து வந்தவர்களுக்கு நான் சுக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

விண்டி என்ற வானிலைத் தளத்தை எல்லோருக்கும் தெரியும். அதில் 'மேக அடித்தளம்' என்றொரு அடுக்கு இருக்கிறது, எத்தனை மீட்டர் உயரத்தில் மேகம் தொடங்குகிறது என்று காட்டும். ஆனால் ஒரு சூட்சுமம். அங்கே வழக்கமாக வரும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மாதிரி பூமியை ஏறக்குறைய 9 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. 9 கி.மீ.யில் எங்கள் மலை மேலே ஏறிக் கீழே இறங்கியே விடும்! கட்டத்துக்குள் உச்சி, சரிவு, பள்ளம் எல்லாம் சேர்த்து ஒரே சராசரி உயரம். அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று 200, நாளை 900 என்று இருந்தால் நாளைக்கு நல்லது. அந்த அளவுக்கு மட்டும் நம்பலாம்.

படி 2: வெள்ளைச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது

மலைச்சரிவை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்காக இந்தப் படி. பீக்ஃபைண்டர் என்ற தளம் நிலத்தின் உயரத் தரவுகளை வைத்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரிய வேண்டிய மலைமுகடுகளைக் கோட்டோவியமாக வரைந்து தரும். செயலிக்குக் காசு; உலாவியில் இலவசம். வரைபடத்தில் இடத்தைக் குத்திவிட்டு விரலால் சுற்றினால் போதும். மேகமாவது மழையாவது, கணக்குக்கு எதுவும் தடை இல்லை.

குழந்தைகளோடு வந்தால் இதைப் போட்டியாக்கலாம். தாளில் முதலில் அவர்களே கற்பனையாக வரையட்டும்: வலது பக்கம் என்ன மலை, இடது பக்கம் சமவெளி எங்கே தொடங்கும். பிறகு திரையோடு ஒப்பிடுங்கள். மேகம் ஐந்து நிமிடம் விலகினால் மூன்றாவது ஒப்பீடு.

பெரியவர்களுக்கு ஒரு கணக்கு. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தடை இல்லாத இடத்தில் அடிவானம் எத்தனை கி.மீ. தொலைவில் என்று கிடைக்கும். சமவெளியிலிருந்து நாம் ஏறத்தாழ 1,900 மீட்டர் மேலே நிற்கிறோம் என்று வைத்தால் 155 கி.மீ. மதுரை இங்கிருந்து நேர்க்கோட்டில் 80 கி.மீ.க்குள்தான். ஆகவே தெளிந்த இரவில் மதுரை விளக்குகள் தெரிகின்றன என்று கடைக்காரர் சொன்னால் அவர் கதை விடவில்லை.

படி 3: கண்ணை மூடி, காதைத் திறந்து

மேகம் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் மெர்லின் செயலியில் 2021-ல் ஒலியறிதலைச் சேர்த்தது. தொகுப்பை இறக்கியிருந்தால் சிக்னலே தேவையில்லை. காலை ஆறு, ஆறரைக்கு வராந்தாவில் நின்று, ஒலியறிதல் பொத்தானைத் தட்டி, போனை ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருத்தல்தான் பலருக்கு வருவதில்லை. செயலி பாவம், பேச்சுக்கு நடுவில் தேடிக்கொண்டிருக்கும்.

ஓடைப் பக்கம் யாரோ பையன் சோம்பேறித்தனமாக விசிலடித்துக்கொண்டு போவதுபோலக் கேட்டால் அது சீகாரப்பூங்குருவி. புதருக்குள் கூட்டமாகக் கலகலவென்று ஒலித்தால் பழனி மலையின் பெயரையே தாங்கிய பழனிச் சிலம்பனாக இருக்கலாம். செயலி காட்டும் பெயர் யூகம், தீர்ப்பு அல்ல. பெயரைத் தட்டி, அதில் உள்ள பதிவைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதிவைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். அது தன் இடத்தில் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்துத் தவிக்கும். இயர்போனில் கேளுங்கள்.

படி 4: தெரியாத சூரியனைப் பார்ப்பது

நாள் முழுக்கச் சூரியனையே காணோம் என்று புலம்புகிற ஊரில், உலகம் மதிக்கும் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது! 1899-ல் தொடங்கியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார்; இன்றும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 1904 முதல் எடுத்துவந்த சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது.

இனி செய்முறை. லேப்டாப்பில், சூரியனின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் ஹீலியோவியூவர் தளத்தைத் திறங்கள். போனில் விரல் படும் பாடு பெரும்பாடு. படஅடுக்கு என்ற பகுதியில் எஸ்டிஓ என்ற நாசாவின் சூரியச் செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஏஐஏ கருவியின் 171 என்ற அலைநீளம் பொன்னிறத்தில் வளையம் வளையமாகக் காட்டும், 304 செக்கச்செவேல் என்று நெருப்புச் சுடரைக் காட்டும். இரண்டும் அழகு. ஆனால் நமக்கு வேண்டியது எச்எம்ஐ என்ற கருவியின் வெள்ளொளிப் படம், ஏனென்றால் சூரியப்புள்ளிகள் அதில்தான் சாதாரணக் கண்ணுக்குத் தெரிவதுபோலத் தெரியும். இன்றைய புள்ளிகளை எண்ணுங்கள். பிறகு வேறொரு தாவலில் கொடைக்கானல் ஆவணத்தைத் திறந்து, உங்கள் தாத்தா பிறந்த நாளைத் தேடுங்கள். அன்றைக்கு இங்கே வானம் தெளிவாக இருந்திருந்தால் படம் இருக்கும். மேகம் என்றால் இருக்காது. அன்றும் எங்கள் ஊர் இப்படித்தான்.

படி 5: கணினிக்கு மலைப்பூண்டைக் காட்டிக்கொடுப்பது

மழை நாளில் அதிக நேரம் ஓடுவது இந்த விளையாட்டுதான். கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற தளம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. சந்தையிலோ சாலையோரத்திலோ கால் கிலோ வாங்குங்கள், எங்கள் சமையலறையிலிருந்து சாதாரணப் பூண்டு நான்கு தருகிறேன். இரண்டையும் கணினி பிரித்துச் சொல்ல வேண்டும்.

தளத்தில் படத் திட்டம் என்பதைத் திறந்து, சாதாரண மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வகுப்புகள் வரும். முதலாவதற்கு மலைப்பூண்டு, இரண்டாவதற்கு நாட்டுப்பூண்டு என்று தமிழிலேயே பெயரிடலாம். மூன்றாவது வகுப்பு ஒன்றை நீங்களாகச் சேர்த்து 'ஒன்றுமில்லை' என்று வையுங்கள். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்: அந்த இயந்திரத்துக்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. இரண்டே பெட்டி கொடுத்தால், உங்கள் மூக்கைக் காட்டினாலும் மலைப்பூண்டா நாட்டுப்பூண்டா என்று ஒன்றில் போட்டுவிடும். ஒரு மாமாவின் வழுக்கையை 97 சதவீதம் மலைப்பூண்டு என்று சொல்லி, வீடே சிரித்தது.

வெப்கேம் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விநாடிக்கு 24 படம் என்று எடுத்துத் தள்ளும். பூண்டை மெதுவாகத் திருப்புங்கள், கிட்டே கொண்டுபோங்கள், தூரத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் படம் இருக்கட்டும், 200 போதும். 'ஒன்றுமில்லை' வகுப்புக்கு வெறும் கை, வெறும் மேசை, முகம்.

பிறகு பயிற்சிப் பொத்தான். ஓடும்போது வேறு தாவலுக்குப் போகக் கூடாது, நின்றுவிடும். ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களில் கற்ற ஒரு வலைப்பின்னலின் தலைமேல் உங்கள் வகுப்புகளை மட்டும் ஏற்றுகிறது. அதனால்தான் பழைய லேப்டாப்பிலும் ஓரிரு நிமிடத்தில் முடிகிறது. கணக்கெல்லாம் உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. நீங்களாக டிரைவில் சேமித்தாலோ இணையத்தில் ஏற்றினாலோ ஒழிய எதுவும் வெளியே போகாது. அதன் மறுபக்கம்: சேமிக்காமல் தாவலை மூடினால் எல்லாம் போச்சு.

இப்போதுதான் உண்மையான வேடிக்கை. முதல் முறை நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லும். உடனே மகிழ வேண்டாம். நாட்டுப்பூண்டைப் பிடித்திருந்த கையில் பச்சை ஸ்வெட்டர் இருந்ததா? அப்படியானால் கணினி கற்றது பூண்டை அல்ல, ஸ்வெட்டரை. கையை மாற்றிப் பிடியுங்கள், விளக்கை அணையுங்கள், பூண்டை வெள்ளைத் தட்டில் வையுங்கள், பதில் தடுமாறும். திரும்பவும் இரண்டு பூண்டையும் இரண்டு பேர், இரண்டு பின்னணியில், இரண்டு வெளிச்சத்தில் காட்டிப் பயிற்சி கொடுங்கள். செய்திகளில் வரும் 'செயற்கை நுண்ணறிவு தவறாக அடையாளம் கண்டது' என்பதற்கெல்லாம் விளக்கத்தை இந்தக் கால் கிலோவில் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசியில் பூண்டை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். ரசம்.

இடையில் கொறிக்க

நீல் அகர்வால் என்பவர் நடத்தும் நீல் டாட் ஃபன் தளத்தில் விண்வெளி மின்தூக்கி இருக்கிறது. தரையிலிருந்து மேலே உருட்டிக்கொண்டே போகலாம். 2,100 மீட்டரில் ஒரு நிமிடம் நிறுத்தி, "இங்கதான் நம்ம ரூம்" என்று காட்டுங்கள். அதே தளத்தில் 2024-ல் வந்த இன்ஃபினிட் கிராஃப்ட் நீர், நெருப்பு, காற்று, மண் என்று நான்கை மட்டும் கொடுத்து உலகைச் செய்யச் சொல்லும். ஐந்தாவது பூதத்தை விட்டுவிட்டார்கள் என்று என் அம்மா குறைப்பட்டார். மண்ணோடு மண் சேர்த்தால் மலை, நீரோடு நீர் சேர்த்தால் ஏரி. அதற்கு மேல் கொடைக்கானல் வரை போக முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். கூகுள் எர்த்தின் டைம்லேப்ஸ் பகுதியில் 1984-லிருந்து மலையின் படங்கள் ஓடும். நட்சத்திர வடிவ ஏரியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்குவதைப் பாருங்கள். இது மட்டும் அவ்வளவு வேடிக்கையாக இருக்காது.

படி 6: பொய்ப் பனியைப் பிடிப்பது

2025 ஆகஸ்டில் கூகுளின் நேனோ பனானா என்ற பட உருவாக்கக் கருவி வந்தது. அடுத்த மாதமே ஊரெல்லாம் பழைய காலப் புடவைப் படங்கள். அதில் கெடுதல் ஒன்றுமில்லை, என் அத்தை மகளும் போட்டிருந்தாள். தொல்லை எங்களுக்குத்தான். ரீல்ஸில் பார்த்தேன் என்று போனை நீட்டி, தூண் பாறைமேல் பஞ்சுபோலப் பனி கொட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "தம்பி, இது எந்தப் பக்கம்?" என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே புல்மேல் உறைபனி படியும், உண்மை. காலை வெயில் பட்டதும் போய்விடும். வானத்திலிருந்து பனி கொட்டாது.

சந்தேகமான படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து முதலில் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே பாறையின் அசல் படங்கள் பக்கத்திலேயே வரும். கூகுள் கருவிகள் தாம் உருவாக்கும் படத்தில் சின்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத முத்திரையைப் பதிக்கின்றன. ஜெமினி செயலியில் படத்தை ஏற்றி 'இது கூகுள் ஏஐ உருவாக்கியதா' என்று கேட்டால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். முத்திரை இல்லை என்றால் படம் உண்மை என்று பொருளல்ல. வேறு கருவியில் செய்திருக்கலாம். அப்புறம் மரத்தைப் பாருங்கள். யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் நிற்க வேண்டிய இடத்தில் சுவிட்சர்லாந்து காலண்டர் மரம் நின்றால் விசாரணையே வேண்டாம்.

படி 7: குறிஞ்சிக்கு ஒரு நாள்காட்டி

நிரல் தெரியாதவர்கள் ஏஐயிடம் பேச்சுவாக்கில் சொல்லி நிரல் எழுதவைப்பதற்கு வைப் கோடிங் என்று பெயர். ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பாத்தி 2025 பிப்ரவரியில் வைத்த பெயர். அந்த ஆண்டின் சொல்லாகவே காலின்ஸ் அகராதி அதைத் தேர்ந்தெடுத்தது. அதைக் கற்க எங்கள் மலைக்கேற்ற பாடம் ஒன்று உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்தது 2030. அதற்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணும் ஒரு பக்கம்.

நீங்கள் பயன்படுத்தும் ஏஐயிடம் இப்படிக் கேளுங்கள்: "ஒரே எச்டிஎம்எல் கோப்பாக ஒரு பக்கம் எழுது. 2030 ஆகஸ்ட் 1, இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணி வரை எத்தனை நாள், மணி, நிமிடம் என்று தமிழில் காட்ட வேண்டும். பின்னணி நீலமும் ஊதாவும் கலந்தது. வெளியிலிருந்து எந்த எழுத்துருவும் இறக்கக் கூடாது." கடைசி வரி, சிக்னல் இல்லாத இடத்திலும் பக்கம் திறப்பதற்காக.

வரும் நிரலை நோட்பேடில் ஒட்டி, கோப்பின் பெயர் முடிவில் எச்டிஎம்எல் என்ற பின்னொட்டோடு சேமித்து, இருமுறை தட்டித் திறங்கள். தமிழுக்குப் பதிலாகக் கிறுக்கல் எழுத்து வந்தால் எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று உலாவிக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 குறிப்பு விட்டுப்போயிருக்கும். அதையே ஏஐயிடம் சொன்னால் சேர்த்துத் தரும். இந்திய நேரம் என்று நான் வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் வெறும் தேதியை மட்டும் '2030-08-01' என்ற வடிவில் கொடுத்தால் அது கிரீன்விச் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். என் முதல் பக்கம் காலை ஐந்தரைக்குத்தான் பூஜ்யத்துக்கு வந்தது. எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், கணினியின் கடிகாரத்தை 2030 ஜூலை 31-க்கு மாற்றிவைத்துப் பார்த்தேன். நீங்களும் அப்படிச் சோதித்துவிட்டு, மறக்காமல் திரும்ப மாற்றுங்கள். இல்லையென்றால் உலாவி பாதித் தளங்களைத் திறக்க மறுக்கும்.

பூ நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஜூலையிலேயே சில சரிவுகளில் தொடங்கலாம், ஒன்றிரண்டு செடிகள் நடுவிலேயே பூத்துவிடுவதும் உண்டு. அதனால் பக்கத்தின் அடியில் 'தோராயமாக' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் பக்கத்தை ஏற்றினால் காசில்லாமல் ஒரு முகவரி கிடைக்கும். அதை கியூஆர் ஆக்கி அச்சிட்டு எங்கள் வாசல் சுவரில் ஒட்டினேன். ஒட்டுவதாக இருந்தால் லேமினேட் செய்து ஒட்டுங்கள். இந்த ஈரத்தில் வெறும் தாள் பத்து நாள்கூடத் தாங்காது. பூஞ்சை பிடித்தால் போன் கேமரா அதைப் படிக்காது. நான் இரண்டு தாள் தொலைத்த பிறகுதான் முப்பது ரூபாய் செலவு செய்தேன்.